சிவப்புப் புள்ளி வைத்த ஈ

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. மாடியில் இரண்டாம் கூண்டுக்குள் சாரல் அடித்துவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் பேச்சி துடைத்துக் கொடுத்தாள். துடைத்ததற்குக் கொஞ்சம் புலம்பலும் வைத்துவிட்டுப் போனாள். "காலேஜுல இருந்தப்பமும் பூச்சி, ரிட்டையர் ஆன பொறவும் பூச்சியா? உங்க வயசுப் பொம்பளையோ காசி, ராமேஸ்வரம்னு போறாவோ. நீங்க புறாப் பீயைச் சலிச்சுக்கிட்டு இருக்கியோ."

அவள் சொன்னதில் ஒரு குறை உண்டு. நான் புறா வளர்க்கவில்லை. ஈ வளர்க்கிறேன். நான்கு புறாக்களும் அந்த ஈக்களுக்கு வீடு, சாப்பாடு இரண்டும்.

இந்தக் குறிப்பையும் ஈக்களுக்காகத்தான் தொடங்குகிறேன். வேறு விஷயம் எழுதுவதாக இல்லை.

புறாவின் இறகுக்குள் வாழும் தட்டை ஈ இது. பக்கவாட்டில் ஓடும், விரலால் நசுக்கினாலும் லேசில் சாகாது, ரத்தம் தவிர வேறெதுவும் தொடாது. வீட்டு ஈ ஒரே மூச்சில் நூறு முட்டை போட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். இது முட்டையே போடுவதில்லை. ஒரே ஒரு பிள்ளையை வயிற்றுக்குள் வைத்து, உள்ளேயே பால் சுரந்து கொடுத்து, அது முழுசாக வளர்ந்த பிறகுதான் பெற்றெடுக்கும். பிறந்த புழு அதன் பிறகு ஒரு வாய்கூடத் தின்னாது. சில மணி நேரத்தில் இறுகிக் கறுத்து மிளகு மாதிரி ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அந்த ஓட்டைத் திறந்துகொண்டு ஈயாக வெளியே வரும். ஒன்றை இறக்கி வைத்த பிறகுதான் வயிற்றில் அடுத்ததற்கு இடம்.

முப்பது வருஷம் இங்கே பாளையங்கோட்டைக் கல்லூரியில் இதைப் பாடமாக நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு பெண்ணாவது கேட்பாள், "ஈக்குப் பாலா மேடம்?" ஒவ்வொரு வருஷமும் வகுப்பு சிரிக்கும்.

ஈ பிடிப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் புறாவை இரண்டு கைக்குள்ளும் அடக்கிப் பிடித்து இறகை ஊதி விலக்க வேண்டும். மற்றவர் தேட வேண்டும். பத்து வயதிலிருந்து புறாவைப் பிடிப்பவன் பரணி, என் மகன். இப்போது அவனுக்கு இருபத்தேழு. கடல் உயிரியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.

தேடிக்கொண்டிருந்தான் என்று எழுத வேண்டுமோ என்னவோ. நேற்றுச் சாப்பிடும்போது சொன்னான். அந்தமானில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் வேலை. கடலுக்குள் மூழ்கிப் பார்க்க வேண்டும். இரண்டு வருஷம். வேலையை நடத்துவது சாகுல், என் பழைய மாணவன். வேலைக்கான உத்தரவு வந்ததும் இம்மாதம் இருபதாம் தேதிக்குள் சரி என்று சொல்பவர்களுக்குத்தான் இடம்.

அவனுடைய முடிவு. ரசம் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

நவம்பர் 5, புதன்

ஒரே ஈயைத் தினமும் அடையாளம் கண்டு பின்தொடர வேண்டும். அதற்கு நகச் சாயம்தான் சரி. கடையில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று கேட்டேன். கடைக்காரர் என் தலைமுடியை ஒருமுறை பார்த்தார். "பேத்திக்காம்மா?" என்றார். ஈக்கு என்று சொன்னேன். அவர் பில்லைக் கிழித்துக் கொடுத்தார்.

வயிற்றில் பிள்ளை உள்ள இரண்டு பெண் ஈக்களைப் பிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து, சோர்ந்ததும் முதுகில் ஆளுக்கொரு புள்ளி வைத்தேன். நீலம் சுத்தமாக விழுந்தது. சிவப்பு வைக்கும்போது கை நடுங்கிவிட்டது. சாயம் முதுகிலிருந்து வால் பக்கம் வரை வழிந்தது. துடைத்தேன். காய்ந்துவிட்டால் தொந்தரவு இருக்காது.

பரணி புறாவைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். "சிவப்புக்காரி தொலையவே மாட்டாம்மா. அவ்வளவு பூசியிருக்கே" என்றான்.

நவம்பர் 6, வியாழன்

காலையில் சாகுல் கூப்பிட்டான். "மேடம், பரணி உங்க பையன்னு இன்டர்வியூ முடிஞ்ச பிறகுதான் தெரியும். ரொம்ப நல்லா பேசினான். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும்னு தோணிச்சு."

சந்தோஷம் என்றேன். பேச்சோடு பேச்சாக, சின்ன வயதில் அவனுக்கு வீசிங் இருந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கூடப் பார்த்தோம், தண்ணீருக்கு அடியில் வேலை என்கிறீர்களே, பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். சாகுல், "நல்ல வேளை சொன்னீங்க மேடம். நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும்" என்றான்.

நான் பொய் சொல்லவில்லை. உடல்நல விஷயத்தை மறைப்பதுதான் தவறு. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம். அவன் கேட்கவில்லை.

ஈக்கள் இரண்டும் நலம்.

நவம்பர் 8, சனி

உத்தரவு வரவில்லை. பரணி போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறான். மழையில் சிக்னல் சரியில்லை என்று சொன்னேன்.

நவம்பர் 10, திங்கள்

முதல் புறாவில் நீலப் புள்ளி, மூன்றாம் புறாவில் சிவப்புப் புள்ளி. இரண்டுக்கும் வயிறு நன்றாகப் பெருத்திருக்கிறது. சிவப்புக்கு ஒரு சுற்று அதிகம்.

பரணி மூன்றாம் புறாவை மார்போடு அணைத்துப் பிடித்து இறகை ஊதிக்கொண்டிருந்தான். ஊதுவதற்கு நடுவில் கேட்டான். "அம்மா, நீ சாகுல் சார்ட்ட ஏதும் பேசுனியா?"

"அவந்தான் கூப்புட்டான். நலம் விசாரிச்சான்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற என்ன பேச? பழைய ஸ்டூடண்ட். மரியாதைக்குக் கூப்புட்டான்."

அவன் மறுபடி ஊதினான். இறகு விலகியது. சிவப்புப் புள்ளி ஓடாமல் நின்றது.

"இது எப்பம்மா பெக்கும்?"

"இன்னைக்கோ நாளைக்கோ."

"இடம் சரியில்லன்னு அது வச்சுக்கிடுமா?"

"கொஞ்ச நேரம் வச்சுக்கிடும். எம்புட்டு நேரம் வச்சுக்கிட முடியும்? இறக்கித்தான் ஆகணும்."

"ஓ" என்றான். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையன் மாதிரி இருந்தது. பிறகு புறாவைக் கூண்டில் விட்டுவிட்டுக் கைகழுவப் போனான். வழக்கமாக நான்கு புறாவையும் முடித்துவிட்டுத்தான் போவான்.

நவம்பர் 11, செவ்வாய்

நீலப் புள்ளி பெற்றுவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது, அது என் அதிர்ஷ்டம். புறாவை விட்டு இறங்கி, கூண்டு மூலையில் தூசிக்குள் போய் நின்றது. வயிறு இரண்டு மூன்று முறை அமுங்கியது. பால் வெள்ளையில் ஒரு புழு பின்பக்கமாக வழுக்கி வெளியே வந்தது. தாயின் வயிற்றில் பாதிக்கு மேல் அதுவே இருந்திருக்கும். வாலில் மட்டும் ஒரு கறுப்புத் தொப்பி.

நீலப் புள்ளி ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு நேரே பறந்து புறாவின் மேல் உட்கார்ந்து இறகுக்குள் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. பறவையிடம் திரும்பாவிட்டால் அது பட்டினியில் சாகும்.

மாலைக்குள் புழு கறுத்து இறுகிவிட்டது. எடுத்துப் பஞ்சு வைத்த குப்பியில் போட்டிருக்கிறேன். பரணியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது.

நவம்பர் 13, வியாழன்

பரணி நண்பனைப் பார்க்க வண்ணார்பேட்டை போய்விட்டு மதியம்தான் வந்தான். பேண்டைத் துவைக்கப் போடும்போது பையில் அட்டையில் செய்த ஒரு சின்ன ஊதுகுழாய் இருந்தது. வாயில் வைத்து ஊதுகிற மாதிரி. பிள்ளைகள் விளையாட்டுச் சாமானாக இருக்கும். நான் கேட்கவில்லை. மேஜை மேல் வைத்தேன். பிறகு பார்த்தபோது இல்லை.

நவம்பர் 15, சனி

இன்று ஒரு வேடிக்கை. பரணி பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, அவனுடைய பள்ளிக்கூடத்து சாக்ஸ்களை எடுத்தான். நான்தான் தூக்கிப்போடாமல் வைத்திருந்தேன். விரல் பக்கத்தைக் கத்தரியால் வெட்டினான். புறாவைத் தலைமுதல் உள்ளே விட்டான். வெட்டிய ஓட்டை வழியாகத் தலை வெளியே வந்தது. சிறகு இரண்டும் சாக்ஸுக்குள் அடங்கிவிட்டன. புறா மடியில் சாதுவாகக் கிடந்தது.

"பாத்தியா? இப்பம் வேணுங்கிற பக்கத்தைச் சுருட்டிவிட்டு ஈ தேடலாம். ஒரே ஆள் போதும்."

"எனக்கு என்னத்துக்கு இது? பிடிக்கத்தான் நீ இருக்கியே."

"எனக்கு ஒருநா காய்ச்சல்னா என்ன செய்வே? செஞ்சு பாரு."

செய்து பார்த்தேன். முதல் புறா என் புறங்கையைக் கீறியது. இரண்டாவது சாக்ஸோடு தப்பி ஓடி வாட்டர் டேங்க் மேல் ஏறிக்கொண்டது. பேச்சி மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யூனிபாரம் போட்டு எந்த ஸ்கூலுக்கு அனுப்புதியோ?" பரணியும் சிரித்தான். கொஞ்ச நாளாக அவன் சிரித்துப் பார்க்கவில்லை.

நான்கு புறாவுக்கு நான்கு, துவைத்துப் போட இன்னொரு நான்கு என்று வெட்டி வைத்தான். அதோடு விடவில்லை. கேஸ் குழாயை மாற்றினான். மாடிப்படி பல்பை மாற்றினான். பிளம்பர் நம்பரையும் எலெக்ட்ரீசியன் நம்பரையும் பெரிய எழுத்தில் அடுப்படிச் சுவரில் ஒட்டினான். வேலை இல்லாத பையன் வீட்டு வேலை பார்க்கிறான். நல்லதுதான்.

நவம்பர் 17, திங்கள்

சிவப்புப் புள்ளி இன்னும் பெறவில்லை. வயிறு விறைத்துப் பளபளக்கிறது. ஓட்டம் இல்லை. ரத்தம் குடிக்கிற மாதிரியும் தெரியவில்லை. கூண்டு மூலைக்கு இறங்கிப்போய் நின்று, வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி புறாவிடம் வந்துவிட்டது. நான் பார்த்திருக்க மூன்று முறை.

நீலப் புள்ளிக்கு அடுத்த பிள்ளையே வயிற்றில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

உத்தரவு வந்ததா என்று கேட்டேன். "பாப்போம்மா" என்றான். அவ்வளவு அமைதியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான்.

நவம்பர் 19, புதன்

சிவப்புப் புள்ளி செத்துவிட்டது. காலையில் கூண்டுத் தட்டில் மல்லாந்து கிடந்தது. எடுத்துவந்து நுண்ணோக்கியில் வைத்தேன்.

பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன். வயிறு வழக்கத்தைவிட இருமடங்கு. தோல் கண்ணாடி மாதிரி மெலிந்திருக்கிறது. உள்ளே கறுப்பாக ஏதோ தெரிகிறது. ஊசியால் பிரித்தேன். வெள்ளையாக, மெத்தென்று இருக்க வேண்டிய புழு அங்கே இல்லை. கறுத்து இறுகிய ஓடு இருந்தது. வெளியே தூசியில் விழுந்து இறுக வேண்டியது, நாள் கடந்துபோனதால், தாயின் வயிற்றுக்குள்ளேயே இறுகிவிட்டது. தாய் அதனால் செத்தாள். ஓட்டை உடைத்துப் பார்த்தேன். பிள்ளையும் செத்திருந்தது.

காரணம் வால் பக்கம். நான் வைத்த சிவப்புச் சாயம் வழிந்து பிறப்பு வாயின் மேல் காய்ந்திருக்கிறது. முழுக்க அடைக்கவில்லை, பாதிதான். வயிற்றில் இருக்கும் புழு அந்த வழியாகத்தான் மூச்சு விடும். மூச்சுக்கு வழி இருந்தது. வெளியே வர வழி இல்லை.

வெறும் அடையாளத்துக்குத்தான் வைத்தேன். கண்ணிலிருந்து தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக.

நுண்ணோக்கி விளக்கை அணைக்காமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பேச்சி வந்து டீ ஆறிவிட்டது என்றாள். மறுபடி சுட வைத்துக் கொண்டுவந்தாள். அதுவும் ஆறியது. "ஒரு ஈ செத்ததுக்கா இப்படி உக்காந்திருக்கியோ?" என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. பரணியின் அப்பா இறந்த அன்றைக்குப் பிறகு இப்படிப் பயந்ததில்லை. அன்று பரணிக்கு எட்டு வயது. இனி இவன் ஒருவன்தான் என்று அன்று நினைத்தேன். அதை நினைப்பதை நான் நிறுத்தவே இல்லை.

சாகுலைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மூன்று முறை கூப்பிட்டேன். கடலில் இருப்பான்.

அவனிடம் சொல்லிச் சரிசெய்துவிட்டால் பரணியிடம் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

மாடிக்குப் போனேன். பரணி கூண்டுகளுக்கு மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏல பரணி. உனக்கு உத்தரவு வராததுக்கு நாந்தான் காரணம். சாகுல்ட்ட உனக்கு வீசிங் இருந்துச்சுன்னு சொன்னேன். பன்னெண்டு வயசோட நின்னுபோச்சுங்கிறதைச் சொல்லல. வேணும்னேதான் சொல்லல."

அவன் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "தெரியும்மா."

"எப்பம் தெரியும்?"

"அன்னைக்கே. சார் எனக்குப் போன் போட்டுக் கேட்டாரு. மூச்சு டெஸ்ட் எடுத்து அனுப்புன்னாரு. வண்ணார்பேட்டைல போய் ஊதிட்டு வந்தேன். நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தாவோ. சனிக்கெழமை உத்தரவு வந்துட்டு."

சனிக்கிழமை. சாக்ஸ் வெட்டிய அன்று.

"பொறவு ஏம்ல எங்கிட்டச் சொல்லல?"

"நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்."

"சரின்னு சொல்லிட்டியா அவங்கள்ட்ட?"

"இல்ல. நாளைக்குத்தானே கடைசி நாள்."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

தார்ப்பாயின் கடைசி முனையை இழுத்துக் கட்டினான். காற்றில் அது படபடப்பது நின்றது.

"இருந்திருப்பேம்மா. இங்கேயே இருந்திருப்பேன்" என்றான்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். படியில் உட்கார்ந்தேன். அழுதேன். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மழை பிடித்தது. இரண்டு பேரும் நனைந்தோம்.

நவம்பர் 20, வியாழன்

பரணி போன் செய்து சரி என்று சொல்லிவிட்டான். நான் இட்லிக்கு மாவு அரைத்தேன்.

நவம்பர் 26, புதன்

இன்று நான்கு புறாவையும் தனியாகச் செய்தேன். பரணி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். மூன்றாம் புறா திமிறியபோது அவன் கை தானாக நீண்டது. வேண்டாம் என்றேன். அதுவாக அடங்கியது. ஏழு ஈ கிடைத்தன.

டிசம்பர் 2, செவ்வாய்

நெல்லை எக்ஸ்பிரஸ். பெட்டியில் பருப்புப் பொடி, நார்த்தங்காய், அவன் வேண்டாம் என்று மூன்று முறை எடுத்து வெளியே வைத்த கம்பளி. சென்னையிலிருந்து கப்பல்.

பிளாட்பாரத்தில் சொன்னான். "தண்ணிக்கு மேல வந்ததும் தெனமும் போன் பண்ணுதேன்."

"தெனமும் வேண்டாம். சிக்னல் கெடைக்கும்போது பண்ணு."

அவன் என்னைக் கூர்ந்து பார்த்தான். "நெசமாத்தான் சொல்லுதியா?"

"பாதி நெசம்."

சிரித்தான். வண்டி நகர்வதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். புறாக் கூண்டுகளை மூட வேண்டியிருந்தது. படியேறும்போது வண்டி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவனுக்குக் கையாட்டக் கை வந்திருக்காது.

டிசம்பர் 5, வெள்ளி

வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. பேச்சி இரண்டு வேளை வருகிறாள். கூடுதல் சம்பளம் கேட்கவில்லை. ஏன் வருகிறாள் என்று நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 10, புதன்

காலையில் மூன்றாம் புறாவைச் சாக்ஸுக்குள் விடும்போது மேல்விளிம்பில் சிவப்பு நூலில் 'ப' என்று இருப்பதைக் கவனித்தேன். மற்ற பிள்ளைகளின் சாக்ஸோடு கலந்துவிடக் கூடாது என்று அவன் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்தபோது தைக்க ஆரம்பித்தேன். பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு ஜோடியிலும் தைத்தேன். பிரிக்கலாமா என்று நினைத்தேன். சாக்ஸ் கிழிந்துவிடும். விட்டுவிட்டேன்.

பரணி ஞாயிற்றுக்கிழமை பேசினான். முதல் தடவை இறங்கிப் பார்த்தானாம். பாறை இடுக்கில் ஒரு மீன் தன் முட்டைகளை வாயில் வைத்திருந்ததாம். "ஒனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்" என்றான். அதற்குப் பிறகு இன்னும் கூப்பிடவில்லை. எனக்கு ஏக்கமாக இருக்கிறது. கூப்பிடும்போது கூப்பிடட்டும்.

மதியம் பஞ்சுக் குப்பியைத் திறந்து பார்த்தேன். நீலப் புள்ளியின் பிள்ளை ஓட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்திருந்தது. ஆண். சிறகு விரிந்து காயும்வரை காத்திருந்தேன். பிறகு நான்காம் புறாவின் கழுத்தில் விட்டேன். பக்கவாட்டில் ஓடி இறகுக்குள் மறைந்தது. இனி அத்தனை ஈக்களுக்குள் அது எது என்று எனக்குத் தெரியாது.

அலமாரியில் சாயம் இன்னும் முக்கால் புட்டி இருக்கிறது. அதன் முதுகில் புள்ளி வைக்கவில்லை.